வீட்டிற்குள் அசுத்தம் செய்யும் நாயைப் பழக்குவது எப்படி?

சக்குபள்ளம் போன்ற ஏலமலைச் சிற்றூர்களில் காவலுக்கு நாய் வளர்ப்பது வழக்கம். மலையிறங்கினால் தேனி மாவட்டத்தில் உள்ள கோம்பை, ஒரு நாட்டு நாயினத்திற்கே பெயர் தந்த ஊராகும். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாட்டினங்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார். ஆனால் முற்றத்தில் வாழ்ந்த நாய் வீட்டிற்குள் வரும்போது ஒரு சிக்கலும் உடன் வருகிறது. அது கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது. பொறுமையிழந்த சிலர் அதனை அடிக்கின்றனர். சிலர் தெருவில் விட்டுவிடுகின்றனர். தக்க காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். உண்மையில், இப்பழக்கம் பெரும்பாலும் திருத்தக்கூடியதே.

முதலில் நோய் உண்டா என அறிய வேண்டும். நன்கு பழகிய நாய் திடீரென உள்ளே சிறுநீர் கழித்தால், சிறுநீர்ப்பாதைத் தொற்று, கல், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். கருத்தடை செய்யப்பட்ட சில பெண் நாய்களுக்கு உறக்கத்திலேயே சிறுநீர் கசியும். இதற்கு மருந்து உண்டு. ஆகவே கால்நடை மருத்துவரைக் காண்பதே முதற்படி.

நோய் இல்லையெனில், காலத்தைக் கணக்கிடுங்கள். குட்டியின் வயதை மாதங்களில் எடுத்து, அதனுடன் ஒன்றைக் கூட்டினால், அது அடக்கிக்கொள்ளக்கூடிய மணிநேரம் ஏறத்தாழக் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரமே உச்ச அளவு. விழித்தவுடன், உண்ட சிறிது நேரத்தில், விளையாடி முடித்ததும், உறங்கும் முன்பும் அதனை வெளியே கொண்டு செல்லுங்கள். உணவை நாள்தோறும் குறித்த வேளையில் கொடுத்தால், கழிக்கும் வேளையும் ஒழுங்குபடும். தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டா.

சங்கிலியில் பிடித்து எப்போதும் ஒரே இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். முன்பு கழித்த இடத்தின் மணம் அதற்கு அடையாளமாகும். கழித்து முடித்த அந்த நொடியிலேயே பாராட்டி, ஒரு சிறு தின்பண்டம் தருக. வீட்டிற்குத் திரும்பிய பின் தந்தால், உள்ளே வந்ததற்கே பரிசு என்று நாய் எண்ணும்.

வீட்டிற்குள் இருக்கையில் கண்பார்வையில் வைத்திருங்கள். தரையை முகர்ந்து வட்டமிட்டால் உடனே வெளியே அழைத்துச் செல்க. கழித்துக்கொண்டிருக்கும்போது கண்டால், மெல்லக் கைதட்டி நிறுத்தி வெளியே கொண்டு போகலாம். பிறகு கண்டால் சத்தமின்றித் துடைத்துவிடுவதே முறை. நேரம் கடந்த தண்டனையையும் தன் செயலையும் நாயால் இணைத்துப் பார்க்க இயலாது. அதன் தலைகுனிவு குற்றவுணர்வன்று. நம் சினத்தைக் கண்ட அச்சம். அடிபட்ட நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கக் கற்றுக்கொள்ளும். வீட்டாரைக் கண்டதும் பணிந்து சிறுநீர் விடும் நாயை அதட்டினால் அப்பழக்கம் மேலும் வளரும்.

மணம் எஞ்சினால் நாய் அதே இடத்திற்குத் திரும்பும். அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் மணத்தை ஒத்தவை. அவற்றைத் தவிர்த்து, நொதி கலந்த துப்புரவுத் திரவத்தைப் பயன்படுத்துக.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை, மலைநாட்டில் பெருந்தடையாகும். நனைய அஞ்சும் நாய் வாசலிலேயே நின்றுவிடும். தகரக்கூரையின் கீழ் சிறிது மணலோ மண்ணோ பரப்பி, மழை தொடங்கும் முன்பே அவ்விடத்தைப் பழக்கிவிடுவது நலம். திரும்பியதும் விரலிடுக்குகளில் அட்டை கடித்துள்ளதா எனப் பாருங்கள். எலிக்காய்ச்சல் கண்ட நாயின் சிறுநீர் வழியே மனிதருக்கும் அந்நோய் பரவக்கூடும். எனவே கையுறையின்றித் துடைக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியுடன் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் மருத்துவரின் அறிவுரைப்படி ஆண்டுதோறும் போடுங்கள்.

குட்டிகள் முழுமையாகப் பழகச் சில மாதங்கள் ஆகும். வளர்ந்த நாய்கள் பெரும்பாலும் சில வாரங்களில் பழகிவிடும். இடையில் தவறினால், மீண்டும் முதல் நாள் ஒழுங்கிலிருந்தே தொடங்குங்கள். வீட்டார் அனைவரும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சொல் என்று கடைப்பிடித்தால், நாய்க்குக் குழப்பம் இராது.