சாவி யார் கையில்?

விடியும் முன்பே சாம்பியன் ரீப்ஸ் விழித்துக்கொள்கிறது. பெங்களூர் ரயிலைப் பிடித்தாக வேண்டும். 2001-இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்த தமிழர்களின் பிள்ளைகள் பலருக்கு அந்த நகரம்தான் பிழைப்பு. சயனைடு மண்மேடுகளைத் தாண்டினால் வழியில் வருகிறது பெமல் நகர் ஸ்டேஷன். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள பி.இ.எம்.எல். நிறுவனத்தால் வந்த பெயர்.

அதே அமைச்சகம் 2023-இல் ஒரு முடிவுக்கு வந்தது. இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்கு விடை. பதிலுக்கு 'மாயா'. உபுன்டு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு அரசு அமைப்புகளே உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம் இது. பார்வைக்கு விண்டோஸ் போலவே இருக்கும். காவலுக்கு 'சக்ரவியூகம்' என்ற சாஃப்ட்வேர். கடற்படை ஒப்புதல் தந்துவிட்டதாகவும், ராணுவமும் விமானப்படையும் பரிசீலிப்பதாகவும் அப்போது செய்தி வந்தது.

இது திடீர் ஞானோதயம் அல்ல. சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கிய 'பாஸ்' 2007-லேயே வெளிவந்துவிட்டது. சொந்த ஆபரேட்டிங் சிஸ்டம் தேவை என்று டி.ஆர்.டி.ஓ. தலைவராக இருந்த வி.கே. சரஸ்வத் 2010-இல் அறிவித்தார்.

ஏன் இந்த அக்கறை? விண்டோஸின் மூல நிரல் அதன் கம்பெனி வசம். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவர் தன் இஷ்டத்துக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. பழைய பதிப்புக்கு ஆதரவு நின்றுபோனால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பைத் தொடர 2015-இல் அமெரிக்கக் கடற்படையே சுமார் 90 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. பிரான்ஸின் ஆயுதக் காவல் படையான ஜாந்தார்மெரி 2008-லேயே உபுன்டுவுக்கு மாறத் தொடங்கிவிட்டது. சீனாவின் 'கைலின்' பிறந்ததே ராணுவப் பல்கலைக்கழகத்தில்தான்.

கோலார் மக்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. உயிரைப் பணயம் வைத்துக் கீழே இறங்கியது இவர்கள். பல்லாண்டுகள் நிர்வாகம் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனியிடம். 1956-இல்தான் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது.

ஆனால் சாவி கைக்கு வந்தால் மட்டும் போதுமா? லினக்ஸில் பரவலாகப் பயன்படும் 'எக்ஸ்இசட்' என்ற சிறு சாஃப்ட்வேரில் யாரோ திருட்டு வாசல் வைத்திருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. கம்ப்யூட்டரில் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஒரு என்ஜினியர் சந்தேகப்பட்டதால் தப்பித்தது உலகம். நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. திறந்திருந்ததால்தான் திருடனும் நல்லவன் வேஷத்தில் நுழைந்தான்.

சுரங்கக் கூண்டில் இறங்கியவர்களுக்கு இது தெரியும். கயிறு சொந்தக் கயிறாக இருக்கலாம். மேலே இயந்திரத்தை இயக்குபவர் தூங்கிவிடக் கூடாது.