பாலபாடமும் பெற்றோர் கடமையும்

1911-ஆம் ஆண்டில் ஸ்ரீமான் கோபால கிருஷ்ண கோகலே ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கும் பொருட்டு இம்பீரியல் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மறு வருஷம் அதற்குச் சாதகமாக 13 வாக்குகளும், பாதகமாக 38 வாக்குகளும் விழுந்தன, மசோதா மடிந்தது. அன்று மடிந்த எண்ணம் சட்டமாவதற்கு ஏறக்குறைய நூறு வருஷங்கள் சென்றன. 2002-இல் அரசியல் சட்டம் 86-ஆவது முறையாகத் திருத்தப்பெற்றது; 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டென்பது இன்று தேசத்தின் சட்டம்.

பள்ளிக்கூடத்தின் கதவு திறந்துவிட்டது. உள்ளே சென்ற குழந்தைக்குப் படிக்கத் தெரிந்ததா என்பதே இப்போது எழும் கேள்வி. 2022-ஆம் ஆண்டில் இந்தியக் கிராமங்களில் நடந்த அசர் கணக்கெடுப்பின்படி, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 20 பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வல்லவராயிருந்தனர். 2024-இல் இத்தொகை 27-ஆக உயர்ந்தது. உயர்ந்தது மகிழ்ச்சியே. ஆயினும் எஞ்சிய 73 குழந்தைகளின் கதி என்ன? மூன்றாம் வகுப்பு வரையில் குழந்தை படிக்கப் பழகுகிறது. நான்காம் வகுப்பு முதல், குழந்தைக்குப் படிக்கத் தெரியும் என்று கொண்டே எல்லாப் பாடப் புத்தகங்களும் எழுதப்படுகின்றன. அங்கே பின்தங்கிய குழந்தை கணக்கிலும் பின்தங்கும், விஞ்ஞானத்திலும் பின்தங்கும், நாளடைவில் பள்ளியையே வெறுக்கும்.

இதற்கு உபாத்தியாயரும் சர்க்காரும் பொறுப்பாளிகள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். வீட்டைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆதலின் இன்று வீட்டைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

முதலாவதாக, வகுப்பில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். கொரோனா நோயினால் 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட தமிழ்நாட்டு ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. அந்த இடைவெளியில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கப்பெற்று, மறு ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தையின் வகுப்பைப் பாராமல் அதன் நிலையைப் பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிப்பது இதன் முறை. மத்திய சர்க்கார் 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் இயக்கமோ, மூன்றாம் வகுப்பு முடிவில் குழந்தை நிமிஷத்திற்கு 60 சொற்களேனும் பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும், 9999 வரையில் எண்களை அறிய வேண்டும் என்று அளவு வைத்தது. ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதையே கூற இரண்டு மூன்று சொற்கள் வேண்டும். ஆகவே, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்க் குழந்தையை விரட்டுதல் தகாது. பொருளுணர்ந்து படிக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம்.

இரண்டாவதாக, குழந்தை எங்கே இடறுகிறது என்பதைப் பெற்றோர் காண வேண்டும். ‘கெ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். காதில் முதலில் விழுவது ககர மெய். பின்னர் விழுவது எகரம். கையோ கொம்பை முதலில் எழுதிப் பிறகு ககரத்தை எழுதுகிறது. ‘கொ’ என்பதில் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. காதுக்கும் கைக்கும் உள்ள இந்த முரண்பாடு பெரியவர்களுக்குப் பழகிப் போயிற்று. ஆறு வயதுக் குழந்தைக்கு அது புதிர். அதை மாற்றி எழுதிய குழந்தை மூடனன்று. காது சொன்னபடி எழுதியிருக்கிறது.

கணக்கிலும் இவ்வாறே. 43-லிருந்து 18-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தைகள் பலர். மூன்றிலிருந்து எட்டுப் போகாதென்று கண்டு, எட்டிலிருந்து மூன்றைக் கழித்துவிடுகிறார்கள். “பக்கத்தில் கடன் வாங்கு” என்று தந்தை அதட்டுகிறார். யாரிடம், எதைக் கடன் வாங்குவது என்பது குழந்தைக்கு விளங்கவில்லை. விளக்குமாற்று ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக நான்கு கட்டுகள் கட்டி, உதிரியாக மூன்றை வையுங்கள். பதினெட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவிழ்த்தாலன்றி எட்டு உதிரி கிடையாது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். அவிழ்த்தால் உதிரி பதின்மூன்று. எட்டுப் போக ஐந்து. எஞ்சிய மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு. விடை 25. காசு செலவில்லை, பிரம்பும் வேண்டுவதில்லை.

“எமக்கே எழுத்து வாசனை இல்லையே, நாங்கள் எவ்வாறு உதவுவது?” என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: குழந்தை வாசிப்பதைக் கேட்கக் காது போதும். நாள்தோறும் கால் மணி நேரம் குழந்தையை அருகிலிருத்தி, “இன்று படித்ததைப் படித்துக் காட்டு” என்று கேளுங்கள். படித்து முடித்ததும், “அது என்ன கதை, எனக்குச் சொல்” என்று கேளுங்கள். கதை சொல்லத் தெரிந்தால் பொருள் விளங்கிற்று என்று அர்த்தம். பாட்டி போடும் விடுகதையும், பல்லாங்குழியில் எண்ணும் சோழியும், கோலத்தின் புள்ளி வரிசையும், சந்தையில் கொடுத்த நோட்டுக்கு வந்த மீதிச் சில்லறையும் பாலபாடத்திற்குப் புறம்பானவை அல்ல. வீட்டுப்பாடத்தைப் பெற்றோரே எழுதிக் கொடுப்பதும், ஆறு வயதிலேயே டியூஷனுக்கு அனுப்பிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருப்பதும் உதவியாகா. 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது என்பதை நினைவூட்டுகிறோம்.

மூன்றாவதாக, சட்டம் பெற்றோருக்கு அளித்துள்ள கருவிகளை அவர்கள் கையிலெடுக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி, குழந்தையின் வருகை, கற்கும் திறன், அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைப் பெற்றோரைக் கூட்டித் தெரிவிப்பது உபாத்தியாயரின் கடமை. ஆகவே, “என் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது?” என்று பணிவுடன் கேட்கும் தந்தை தயவை யாசிக்கவில்லை, உரிமையைக் கோருகிறார். 21-ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்திற்று. அதன் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், பாதிப்பேர் ஸ்திரீகளாகவும் இருத்தல் வேண்டும். கூட்டத்திற்குச் செல்லாமல் கையெழுத்து மட்டும் இடுவோரால் இந்தக் குழு பெயரளவில்தான் நிற்கும். 17-ஆவது பிரிவு குழந்தையை அடிப்பதைத் தடுக்கிறது. பள்ளியில் ஆகாதென்று சட்டம் விலக்கிய பிரம்பு வீட்டில் மட்டும் எவ்வாறு கல்வியை வளர்க்கும்?

உரிமையோடு கடமையும் வந்தது. கல்வியை உரிமையாக்கிய அதே 86-ஆவது திருத்தம், குழந்தைக்குக் கல்வி பெறும் வாய்ப்பை அளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்று அரசியல் சட்டத்தில் சேர்த்தது. பெற்றோர் என்றால் தாய் மட்டுமா? நம் வீடுகளில் அடுப்பையும் பார்த்து, குழந்தையின் நோட்டுப் புத்தகத்தையும் பார்ப்பவள் தாயே. தந்தையோ மேடையில் கல்விக் கொள்கையைப் பற்றி இரண்டு மணி நேரம் முழங்குகிறார். பொதுத் தொண்டர்களாகிய நம் வாசகர்களைக் கேட்கிறோம்: உங்கள் மகள் எந்தப் பாடத்தில் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? கடைசியாக அவள் வாசிப்பதை என்று கேட்டீர்கள்?

இன்றே தொடங்கலாம். கையிலுள்ள இந்தப் பத்திரிகையைக் குழந்தையிடம் கொடுத்துத் தலைப்பொன்றை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பொறுத்திருங்கள். உங்கள் குழந்தை முடித்த பின், அடுத்த வீட்டுக் குழந்தையையும் அழைத்து உட்கார வையுங்கள். அதன் தந்தை கூலி முடிந்து வீடு திரும்ப இரவாகலாம். கோகலே சட்டசபையில் தோற்ற வழக்கு இன்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் விசாரணைக்கு நிற்கிறது. அதை வெல்ல நாளொன்றுக்குக் கால் மணி நேரம் கொடுக்க மனமில்லாதவர், தேசத்திற்கு உழைப்பதாகச் சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.