ஆர்க்கிட் செடியும் வீட்டுப் பூனையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோள மூட்டை வீட்டுக்குள் வந்தவுடன் எலியும் பின்னாலேயே வந்துவிடுகிறது. ஆகவே ஆலத்தியூர் போன்ற ஊர்களில் பூனை வெறும் செல்லப்பிராணி அல்ல, தானியத்துக்குக் காவல். குழந்தைகள் நடமாடும் வீட்டில் எலி மருந்து வைக்கத் தயங்குவோருக்கு அதன் அருமை நன்கு தெரியும்.

ஒரு காலத்தில் மலைப்பகுதிப் பூவாகவே கருதப்பட்ட ஆர்க்கிட், இன்று கல்யாண மேடை அலங்காரத்திலும் நர்சரித் தொட்டிகளிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது. பூனை உள்ள வீட்டில் இதை வைக்கலாமா என்ற ஐயம் எழுவது இயல்பே.

தாராளமாக வைக்கலாம். வீடுகளில் வளர்க்கப்படும் பலனாப்சிஸ், டென்ட்ரோபியம், வாண்டா, கேட்லியா போன்ற ஆர்க்கிட் வகைகளில் பூனைக்குக் கேடு செய்யும் நஞ்சு இல்லை. இலையை மென்ற பூனை ஓரிரு முறை வாந்தி எடுக்கலாம். புல்லைத் தின்றாலும் அது அப்படித்தான் செய்யும். ஆனால் தொட்டியில் இடும் பொருள்கள் பற்றி எச்சரிக்கை தேவை. நத்தையைக் கொல்ல வைக்கும் மெட்டால்டிஹைடு வில்லைகள் பூனை, நாய் இரண்டுக்கும் கொடிய நஞ்சு. வயலுக்கு வாங்கிய குருணை மருந்தில் மிச்சமானதைப் பூந்தொட்டியில் தூவும் பழக்கத்தையும் அறவே கைவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து ஆர்க்கிட்டில் இல்லை. அதனுடன் அதே பூங்கொத்தில் வரும் லில்லியில் உள்ளது. லிலியம் எனப்படும் இந்தப் பெரிய மணமுள்ள பூ, பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும். ஓரிரு இலை போதும். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூ வைத்திருந்த நீரைக் குடித்தாலும் ஆபத்துதான். முதல் நாள் வாந்தியும் சோர்வும் காணப்படும். பிறகு தேறியதுபோல் தோன்றும். சில நாள்களுக்குள் சிறுநீர் நின்று பூனை இறக்கும். இதற்குக் காரணமான நஞ்சு எது என்பது இன்றுவரை கண்டறியப்படவில்லை. குளத்தில் பூக்கும் அல்லிக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம்.

லில்லியைக் கடித்தது தெரிந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திருக்கலாகாது. ஒட்டியுள்ள மகரந்தத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கடித்த செடியின் துண்டையும் எடுத்துக்கொண்டு அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே இரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது தவறு.

நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமான ஆபத்து ஒன்று உண்டு. ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிரிடப்படும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், செடி முழுவதும் கால்சிசின் என்ற நஞ்சைக் கொண்டது. கிழங்கைவிட விதையில் இது மிகுதி. ஆங்கிலத்தில் குளோரி லில்லி என்று அழைக்கப்பட்டாலும் இதன் நஞ்சு வேறு வகை. லிலியம் பூனையைத்தான் குறிப்பாகத் தாக்கும்; கண்வலிக்கிழங்கோ ஆடு, மாடு, பூனை, மனிதர் யாரையும் விட்டுவைக்காது. தின்ற சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பின்னர் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். இலங்கையில் இக்கிழங்கை வள்ளிக்கிழங்கு என நினைத்துச் சமைத்து உண்டு மக்கள் இறந்ததுண்டு.

நடவுக்கு வைத்துள்ள கிழங்கைச் சமையல் கிழங்கோடு சேர்த்து வைக்கலாகாது. விதை காயும் களத்தில் ஆடு, கோழி நுழையாதபடி அடைப்பு வேண்டும். எடுத்த பிறகு களத்தைக் கூட்டிக் குப்பையைப் புதைப்பது நல்லது. அதை எருக்குழியில் போட்டால் கோழி கிளறித் தின்னும். ஆடு, மாடு தின்றுவிட்டால் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

வாசலில் உள்ள அரளியும் இதே கவனத்துக்குரியது. கழித்த அரளிக் கிளையை ஆட்டுப்பட்டிப் பக்கம் போடக்கூடாது. மல்லிகை, ரோஜா, செம்பருத்தி பற்றிக் கவலை வேண்டாம்.

ஆர்க்கிட் வளர்க்க விரும்புவோர் வாண்டாவில் தொடங்கலாம். இதில் ஓர் இனம் சமவெளி மரக்கிளைகளிலேயே ஒட்டி வளர்வது. நம் வெப்பத்தைத் தாங்கும். மரச்சட்டக் கூடையில் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் இட்டு, நிழல் விழும் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால், வேருக்குக் காற்று கிடைக்கும். பூனைக்கும் எட்டாது.