மூன்று மாதக் கணக்கும் மாறிவரும் விதிகளும்



நம் தோட்டத்துக் கடைக்காரர் மாதக் கடைசியில் 555 புத்தகத்தைப் புரட்டிக் கூட்டிப் பார்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆண்டு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்துவிட்டால் கடை நடக்காது. பெரிய நிறுவனங்களின் நிலையும் இதுதான். பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் பொதுவாக மூன்று மாதத்திற்கு ஒரு முறை தம் இலாப நட்டத்தை வெளியிட வேண்டும். இதையே இடைக்கால நிதி அறிக்கை என்றும், காலாண்டு அறிக்கை என்றும் சொல்லுகிறோம்.

இது நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஊழியர் சேமநிதி வாரியம் நம் சேமிப்பின் ஒரு பகுதியைப் பங்குகளில்தான் போட்டு வைத்திருக்கிறது. சம்பளப் பேச்சு வார்த்தையின்போதும் நிறுவனத்தின் இலாபம் பேச்சில் அடிபடுகிறது. ஆகவே அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்திருப்பது நமக்கு நல்லது.

2018ஆம் ஆண்டில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தந்தை வீட்டிற்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் இரண்டு பத்திரிகைத் துண்டுகள். ஒரு தோட்ட நிறுவனம் 2017ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் 20 லட்சம் வெள்ளி இலாபம் கண்டது என்றது பழைய துண்டு. 2018ஆம் ஆண்டில் அதே மூன்று மாதத்தில் 35 லட்சம் என்றது புதிய துண்டு. "சார், ஒரே வருஷத்துல இவ்வளவு ஏறியிருக்கே! சேமநிதிப் பணத்துல கொஞ்சம் போட்டுட்டேன். நல்ல வேலைதானே செஞ்சிருக்கேன்?" என்று கேட்டார். (கணக்கு எளிதில் விளங்குவதற்காக எண்களை முழு எண்களாக்கிச் சொல்லுகிறேன்.) அவர் செய்தது சரியா என்பதைப் பார்க்கும் முன், இந்த அறிக்கை எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம்.

காலாண்டின் கடைசி நாளன்று ஒவ்வொரு தோட்டத்திலும் கணக்கை முடிக்கிறார்கள். செக்ரோல் படி கொடுத்த கூலி, கொடுக்க வேண்டிய கூலி, ஆலைக்குப் போன குலைகளின் எடை, ஸ்டோரில் மிஞ்சிய உரம் ஆகிய யாவும் எழுதப்படுகின்றன. ஸ்டோரில் இருக்கும் உரம் இன்னும் செலவாகவில்லை. மரத்தடியில் போட்டதே செலவு. இவையெல்லாம் தலைமை அலுவலகத்திற்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே ஒன்றாக்குகிறார்கள். தன் தோட்டத்துக் குலையைத் தன் ஆலைக்கே விற்றிருந்தால் அதை விற்பனையாகக் காட்டக்கூடாது. ஒரு பையிலிருந்து மறு பைக்குப் பணத்தை மாற்றியவன் சம்பாதித்தவன் ஆகமாட்டான் அல்லவா? பின்னர் இயக்குநர்கள் ஒப்புதல் அளித்து, காலாண்டு முடிந்த இரண்டு மாதத்திற்குள் புர்சா மலேசியா பங்குச் சந்தை வழியாக வெளியிடுகிறார்கள்.

இந்த அறிக்கை பொதுவாகத் தணிக்கை செய்யப்படாதது. ஆயினும் மனம் போனபடி எழுதிவிட முடியாது. எம்.எஃப்.ஆர்.எஸ். 134 என்னும் விதி இதற்கென்றே இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் எந்த முறையைப் பின்பற்றுகிறார்களோ அதையே மூன்று மாதக் கணக்கிலும் பின்பற்ற வேண்டும் என்கிறது அது. இந்தக் காலாண்டில் ஆன செலவை, கணக்கு அழகாகத் தெரியட்டும் என்று அடுத்த காலாண்டிற்குத் தள்ளிவைக்க இயலாது. பருவத்தைப் பொறுத்த தொழிலாக இருந்தால் அதையும் விளக்க வேண்டும். செம்பனையில் ஆண்டின் பிற்பகுதியில்தான் குலை மிகுதி என்பதும், ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறையும் என்பதும் நாம் அறிந்தவையே. ஆகையால் முதல் காலாண்டை முந்திய ஆண்டின் முதல் காலாண்டோடு ஒப்பிடுவதுதான் முறை.

இனி, விதி மாறும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

மலேசியாவில் 2012 ஜனவரி 1 முதல் புதிய நிதி அறிக்கை விதிகள் நடைமுறைக்கு வந்தன. விவசாய நிறுவனங்களுக்குத் தவணை கொடுத்து, அது 2018 ஜனவரி 1 வரை நீண்டது. காரணம் மரங்கள்தாம். மரங்களும் உயிருள்ளவை என்பதால் ஒவ்வொரு கணக்கின்போதும் அவற்றைச் சந்தை மதிப்பில் காட்ட வேண்டும் என்றது உலக விதி. நிலத்தில் நிற்கும் செம்பனையைத் தனியாக வாங்குவார் யார்? அதற்கு ஏது சந்தை விலை? இந்தக் கேள்வியை மலேசியாவும் எழுப்பியது. 2014ஆம் ஆண்டில் உலக விதி திருத்தப்பட்டது. ஆண்டாண்டாகக் காய்க்கும் மரத்தை ஆலை இயந்திரம் போலக் கருதலாம், அதற்கான செலவைச் சொத்தாக எழுதி மரம் பலன் தரும் ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் தேய்மானம் கழிக்கலாம் என்று முடிவாயிற்று. மரத்தில் இருக்கும் பழத்திற்கு மட்டுமே சந்தை மதிப்பு.

அதற்கு முன் நம் நாட்டில் பல தோட்ட நிறுவனங்கள் வேறு முறையைக் கையாண்டன. பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்தால் அந்தச் செலவு முழுவதையும் அந்தந்தக் காலத்துச் செலவாகவே எழுதிவிடுவார்கள். மரத்திற்குத் தேய்மானம் கழிப்பதில்லை.

இப்போது அந்தப் பெரியவரின் துண்டுகளுக்கு வருவோம். 2017 முதல் காலாண்டில் வருமானம் 100 லட்சம். கூலி, உரம் முதலியவற்றுக்கு 60 லட்சம். மறுநடவுக்கு 20 லட்சம். பழைய விதிப்படி இலாபம் 20 லட்சம். இதே காலாண்டைப் புதிய விதிப்படி எழுதிப் பார்ப்போம். மறுநடவுச் செலவான 20 லட்சம் சொத்தாகிவிடுகிறது. செலவுப் பக்கம் வராது. ஆனால் 700 லட்சம் மதிப்புள்ள மரங்களுக்கு 25 ஆண்டு ஆயுள் என்றால், ஆண்டுக்கு 28 லட்சம், காலாண்டுக்கு 7 லட்சம் தேய்மானம். 100 லட்சத்தில் 60 போய், 7 போய், இலாபம் 33 லட்சம்!

ஒரு குலைகூட அதிகமாக வெட்டவில்லை. ஒரு காசுகூட அதிகமாக வரவில்லை. கூலிக்கும் உரத்துக்கும் மறுநடவுக்கும் கொடுத்ததுபோகப் பெட்டியில் மிஞ்சிய பணம் இரண்டு முறையிலும் அதே 20 லட்சம்தான். மறுநடவே இல்லாத காலாண்டாக இருந்தால் எதிர்மாறாகவும் நடக்கும்: பழைய விதியில் 40 லட்சமாக இருந்த இலாபம் புதிய விதியில் 33 லட்சமாகக் குறையும்.

இந்தக் குழப்பம் நேரக்கூடாது என்பதற்காகத்தான் விதியே ஒரு கட்டளை இடுகிறது. கணக்கு முறை மாறினால் அதை அறிக்கையின் குறிப்பில் சொல்ல வேண்டும். அதோடு, ஒப்பிடுவதற்காகக் காட்டும் முந்திய ஆண்டுக் காலாண்டையும் புதிய முறையில் திருத்தி எழுத வேண்டும். நான் அந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 2018க்கு 35 லட்சம். பக்கத்துப் பத்தியில் 2017க்கு 33 லட்சம். அதன் தலைப்பில் 'ரீஸ்டேட்டட்' என்னும் ஆங்கிலச் சொல் இருந்தது. திருத்தியமைக்கப்பட்டது என்று பொருள். உண்மையான வளர்ச்சி 2 லட்சம்தான். பெரியவர் பத்திரிகைத் துண்டை வைத்து 15 லட்சம் என்று எண்ணிவிட்டார். நிறுவனம் மறைக்கவில்லை, பத்திரிகையும் பொய் சொல்லவில்லை. பழைய படியில் அளந்ததையும் புதிய படியில் அளந்ததையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் செம்பனை எண்ணெய் விலை சரிந்தது. பங்கின் விலையும் இறங்கியது. "கேட்டுட்டுப் போட்டிருக்கணும், சார்" என்றார். எனக்கும் மனம் கனத்தது.

ஆகவே நேயர்களே, இலாபம் ஏறியது என்றாலும் இறங்கியது என்றாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குலை கூடியதா, குறைந்ததா? விலை ஏறியதா, இறங்கியதா? இரண்டும் இல்லையென்றால் விதி மாறியதா? முதல் இரண்டிற்கும் விடை, நிருவாகம் எழுதும் விளக்கத்தில் இருக்கும். மூன்றாவதற்கு விடை குறிப்புகளின் தொடக்கத்திலேயே இருக்கும். ரொக்க வரவு செலவைக் காட்டும் பக்கத்தையும் பாருங்கள். கணக்கு முறை மாறினாலும் கையிலுள்ள ரொக்கம் மாறுவதில்லை. பழைய பத்திரிகைத் துண்டை நம்பாமல், புதிய அறிக்கையிலேயே உள்ள முந்திய ஆண்டுப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கக் கூட்டத்திலும் இதே கேள்விகள் உதவும். "இலாபம் விழுந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், "எதனால் விழுந்தது?" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

விதிகள் இன்னும் மாறும். 2027 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பின்னும் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு எம்.எஃப்.ஆர்.எஸ். 18 என்னும் விதி வருகிறது. இலாப நட்டப் பட்டியலின் அமைப்பையே அது மாற்றுகிறது. அப்போதும் முந்திய ஆண்டின் எண்களைத் திருத்திக் காட்டத்தான் வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அறிக்கையை அவர்களிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். குலையை நிறுக்கும்போது தராசைப் பார்க்கிறோம் அல்லவா? இலாபத்தைப் பார்க்கும்போதும் அது எந்தத் தராசில் நிறுத்தது என்று கேட்டுப் பழகுவோம்.