டொவிமா: நிமிஷத்துக்கு ஒரு டாலர்

1955 ஆகஸ்ட், பாரிஸ். சர்க்கஸ் யானைகளுக்கு நடுவுல டியோர் கவுன்ல ஒரு பொண்ணு. போட்டோ எடுத்தவர் ரிச்சர்ட் அவெடன். நிக்கிறவங்க டொவிமா. நியூயார்க்ல பிறந்த இவங்க முழுப்பேர் டொரதி விர்ஜீனியா மார்கரெட் ஜூபா. முதல் மூணு பேரோட முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பாருங்க, டொவிமா!

1950-கள்ல இவங்களுக்கு மணிக்கு 60 டாலர். அதனாலதான் 'நிமிஷத்துக்கு ஒரு டாலர்'ங்கிற பட்டப்பேர். ஆனா மணிக்கணக்குச் சம்பளத்துல ஒரு சிக்கல் இருக்கு மக்களே: கேமரா நின்னா மீட்டரும் நின்னுடும். கடைசிக் காலத்துல ஃபுளோரிடாவுல ஒரு பீட்சா ரெஸ்டாரன்ட்ல வேலை பார்த்தாங்க. 1990-ல இறந்துட்டாங்க.

2010-ல அந்த யானைப் படத்தோட ஒரு பிரின்ட் ஏலத்துக்கு வந்துச்சு. போன விலை 8,41,000 யூரோ.