2 டன் இலைக்கு 1 கிராம் மருந்து... நித்யகல்யாணியின் என்சைமை பாக்டீரியாவில் தயாரிப்பது ஏன்?

காம்பவுண்டு ஓரம், கோயில் நந்தவனம்னு எங்க பார்த்தாலும் பூத்து நிற்கும் செடி நித்யகல்யாணி. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் முக்கியமான வின்கிரிஸ்டின் மருந்துக்கு மூலம் இதன் இலைதான்.

சிக்கல் என்னன்னா, ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க சுமார் 2,000 கிலோ காய்ந்த இலை வேணும். இதே செடியில் கிடைக்கும் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ. 2019-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் வின்கிரிஸ்டின் தயாரிப்பை நிறுத்தியதும் தட்டுப்பாடு வந்துவிட்டது. காரணம் இலைப் பற்றாக்குறை இல்லைதான். ஆனா இந்த மருந்து எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குதுன்னு அப்போதான் பலருக்கும் தெரிந்தது.

செடிக்குள் என்ன நடக்குது?

இந்த மருந்தை செடி ஒரே மூச்சில் செய்வதில்லை. 30-க்கும் மேற்பட்ட படிகள். ஒவ்வொரு படியையும் முடித்துத் தருவது ஒரு என்சைம். அதில் முக்கியமானது 'ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸ்'. டிரிப்டமின், செகோலோகானின் என்ற இரண்டு மூலக்கூறுகளை இதுதான் இணைத்து வைக்கும். கல்யாணத் தரகர் மாதிரின்னு வெச்சுக்கலாம். அப்படிப் பிறக்கும் ஸ்ட்ரிக்டோசிடினில் இருந்துதான் பல்வேறு செடிகள் ஆயிரக்கணக்கான ஆல்கலாய்டுகளைச் செய்கின்றன. சின்கோனா மரத்தின் குயினைனும் இந்த வழியில் வந்ததுதான்.

பாக்டீரியா எதுக்கு?

இலையை அரைத்தால் நூற்றுக்கணக்கான புரதங்கள் கலந்து வரும். அதில் ஒன்றை மட்டும் பிரிப்பது பெரும்பாடு. அதனால் அந்த என்சைமுக்கான மரபணுவை மட்டும் நகலெடுத்து, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைக்கிறார்கள். பாக்டீரியா பெருகப் பெருக என்சைமும் பெருகும். இப்படிக் கிடைப்பதுதான் 'ரீகாம்பினன்ட்' என்சைம். பிரித்தெடுக்க வசதியாக அதன் முனையில் ஒரு சின்ன ஹிஸ்டிடின் வாலையும் ஒட்டிவிடுவதுண்டு. அந்த வால் நிக்கல் மணிகளைப் பிடித்துக்கொள்ளும், மற்ற புரதங்கள் கழுவிப் போய்விடும்.

1988-லேயே சர்ப்பகந்தா செடியின் ஸ்ட்ரிக்டோசிடின் சிந்தேஸை இந்த முறையில் ஈ.கோலையில் உருவாக்கிவிட்டார்கள். இதுபோன்ற என்சைம்கள் மைக்ரோகிராம் கணக்கில், 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற லேபிளோடு விற்கப்படுகின்றன. நோயாளிக்குப் போடும் மருந்து இல்லை இது. என்சைம் எந்த மூலக்கூறை ஏற்கும், எதை ஒதுக்கும், எந்த இடத்தை மாற்றினால் வேகம் கூடும்னு சோதித்துப் பார்க்கத்தான்.

அந்தச் சோதனைகளுக்குப் பலன் 2022-ல் தெரிந்தது. ஜே கீஸ்லிங் உள்ளிட்ட விஞ்ஞானிகள், செடிகளின் 34 மரபணுக்களை ஈஸ்டுக்குள் வைத்து, வின்பிளாஸ்டினுக்கான இரண்டு மூலப்பொருட்களை ஈஸ்டிலேயே உருவாக்கினார்கள். பிறகு அவற்றை வேதியியல் முறையில் இணைத்து வின்பிளாஸ்டினே செய்துவிட்டார்கள். அந்த மூலப்பொருட்கள் கிடைத்த அளவு? லிட்டருக்கு சில நூறு மைக்ரோகிராம்தான். தொழிற்சாலைக்கு இது போதாது. எந்தப் படியில் தேங்குதுன்னு கண்டுபிடிக்க, மறுபடியும் ஒவ்வொரு என்சைமாகத்தான் பார்க்கணும்.

அப்போ இலையைக் கொதிக்க வெச்சுக் குடிக்கலாமா?

வேண்டாம். சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயமாகக் குடிப்பவர்கள் உண்டு. ஆனா இதில் உள்ள ஆல்கலாய்டுகள் வெள்ளை அணுக்களைக் குறைக்கும், நரம்பையும் பாதிக்கும். மருத்துவமனையில் உடல் பரப்பளவுக்கு ஏற்ப மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கும் மருந்து அது. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்குன்னு வீட்டில் அளக்க முடியாது.