பழைய வண்டி, புது விலை – 11: இனி வராத ஐ8

சென்ற வாரம் வாகன்ஆர் விலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "பாவித்த பீஎம்டபிள்யூ ஐ8 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா?" வாகன்ஆரிலிருந்து ஐ8க்கு ஒரே தாவல். ஆனால் இரண்டு காரின் விலையையும் இந்த நாட்டில் ஒரே கைதான் எழுதுகிறது. அது வர்த்தமானியின் கை.

கொழும்பில் ஃபெராரியும் லம்போகினியும் இல்லாமலில்லை. அவை கைமாறுவது அவர்களுக்குள்ளேயே. எங்களுக்குப் புகைப்படம் மட்டும் கிடைக்கும். கடை வைத்திருக்கும் ஒருவர் கல்குலேட்டரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிற சூப்பர் கார் என்றால் ஐ8தான். காரணம், இலங்கையின் உற்பத்தித் தீர்வை பெற்றோல் காரின் குதிரைவலுவைப் பார்ப்பதில்லை, சீசீயைப் பார்க்கிறது. சீசீ ஏற ஏற ஒவ்வொரு சீசீக்கும் கட்டவேண்டிய தொகையும் ஏறும். லம்போகினி கயார்டோ வெளிவந்தபோது ஐந்து லீற்றர் எஞ்சினில் 500 குதிரைவலு. மக்லாரன் 12சீ 3.8 லீற்றரிலேயே 600. வேகம் கூடிய காருக்குத் தீர்வை குறைவு! இந்த வேடிக்கையின் கடைசிப் படியில் நிற்பது ஐ8: 1499 சீசீ, மூன்றே சிலிண்டர், மினி கூப்பரில் இருக்கும் எஞ்சினின் உடன்பிறப்பு. பின்னால் அந்த எஞ்சின் 231 குதிரைவலு தருகிறது, முன்னால் மின்மோட்டர் 131 தருகிறது. கூட்டினால் 362. அதன்மேல் ஹைபிரிட் சலுகை வேறு. மேல்நோக்கித் திறக்கும் கதவும் காபன் ஃபைபர் உடலுமாக வந்த ஒரு கார், சுங்கத்தின் கண்ணுக்குச் சின்னக் கார்களின் வரிசையில் நின்றது.

இது சூப்பர் காரா என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகப் பெரிதாக்கிக் கேட்கவைக்கிற காரை அந்த வரிசையில் வைக்க அவர்களுக்கு மனமில்லை. 1990இல் வந்த ஹொண்டா என்எஸ்எக்ஸ் 270 குதிரைவலுவோடுதான் ஃபெராரியின் தூக்கத்தைக் கெடுத்தது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டு நகர்கிறேன்.

விலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. அதே ஆண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் லைப்சிக் தொழிற்சாலையில் ஐ8 தயாரிப்பும் நின்றது. 2025 பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தபோது, பாவித்த கார் மூன்று வயதுக்கு மேற்படக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. கடைசியாகச் செய்த ஐ8க்கே அப்போது நாலு வயது தாண்டிவிட்டது. ஆகவே இந்த விதி இருக்கும்வரை இலங்கைக்கு இன்னொரு ஐ8 வர வழியில்லை. விற்பவர் "இனி வராது" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

அந்த உண்மையை வைத்து அவர் கேட்கும் விலைதான் கேள்விக்குரியது. பிரித்தானியாவில் ஐ8 புதிதாக வந்தபோது ஒரு லட்சம் பவுண்ஸை ஒட்டிய விலை. பத்து வருடத்துக்குள் பழையது பாதிக்கும் கீழே போய்விட்டது. "அந்தக் காசுக்கு இஞ்சை ரெண்டு எடுத்து நிப்பாட்டலாமடா" என்று லண்டன் மச்சான்மார் சிரிப்பது இதனால்தான். கொழும்பில் ஏன் அப்படி விழவில்லை? காருக்குள் உறைந்து கிடக்கும் வரி ஒன்று. ரூபாய் இன்னொன்று: 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயாக இருந்தது, மே மாதமளவில் 360ஐத் தொட்டது. வங்கியில் போட்ட காசு கரைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், தரிப்பிடத்தில் நின்ற கார் தன் ரூபாய் விலையைத் தானே ஏற்றிக்கொண்டது. அன்று வாகன்ஆரும் ஐ8உம் செய்தது ஒரே வேலை.

இறக்குமதி திறந்தால் விலை சரியும் என்று காத்திருந்தவர்களும் ஏமாந்தார்கள். 2025இன் வரிகளைப் பாருங்கள். ஹைபிரிட் காரின் வந்திறங்கு விலையில் 55 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 80 வீதம் சொகுசு வரி. பெற்றோல் காரென்றால் 50 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு 100 வீதம். துறைமுகத்தில் இரண்டு கோடி ரூபாய் பெறுமதியோடு இறங்கும் ஹைபிரிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொகுசு வரி மட்டும் ஒரு கோடியே 16 லட்சம். சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, 18 வீத வற் எல்லாம் இதற்கு வெளியே. புதிய காரின் இந்தக் கணக்கைக் காட்டித்தான் பழைய ஐ8க்கு விலை சொல்கிறார்கள். அந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. புதிய கார் எடுப்பவருக்கு வரியோடு உத்தரவாதமும் கிடைக்கும். ஐ8இன் பற்றரிக்கு பீஎம்டபிள்யூ கொடுத்தது எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர். 2015, 2016இல் வந்த வண்டிகளுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. வாங்குபவர் கொடுப்பது முந்தைய உரிமையாளர் கட்டிய வரியின் பெருமைக்கு. பற்றரியின் பொறுப்போ புதியவரின் தலையில்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 4.4 செக்கன். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிப்பதும் நூறுதான். அதாவது கொட்டாவையில் நுழைந்து 4.4 செக்கனில் காரின் திறமை முழுவதும் செலவாகிவிடும். காலி வரைக்கும் மிச்சமிருப்பது ஏசியும் பாட்டும். இன்னொரு கூத்தும் உண்டு. மின்மோட்டர் தனியாகவே இந்தக் காரை 120 வரை கொண்டுபோகும். இலங்கையின் எந்த வீதியிலும் சட்டப்படி ஓடுகிற அளவுக்கு, பற்றரியில் உயிர் இருக்கும்வரை, பெற்றோல் எஞ்சின் எழும்பவே தேவையில்லை.

கேலி போல இருந்தாலும் கொழும்பில் இந்தக் காரின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது. ஆடிவேல் தேர் வருகிற நாளில் பம்பலப்பிட்டியில் மாட்டிக்கொண்டால் கயார்டோவின் ஈகியர் கிளட்ச் ஒவ்வொரு அடிக்கும் தேயும். ஃபெராரி 355 என்றால் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்கவேண்டும். அதை எங்கே இறக்குவது, யார் ஏற்றுவது? ஐ8இல் இருப்பது சாதாரண ஆறு கியர் ஒட்டோமட்டிக். நெரிசலில் மின்மோட்டரில் ஊரும். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு அங்கே இங்கே. ஆரோக்கியமான பற்றரி என்றால் போய்த் திரும்ப ஒரு சார்ஜ் ஏறக்குறையப் போதும். சூப்பர் கார் வைத்திருந்தே தீரவேண்டும், அதைத் தினமும் ஓட்டவும் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், இந்த நகரத்துக்கு நான் சொல்வது இதைத்தான்.

2022 இதற்கும் பாடம் எடுத்தது. ஜூன் கடைசியில் ஒக்டேன் 95 லீற்றர் 550 ரூபாய். ஓகஸ்ட்டில் கியூஆர் அட்டை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். மாருதிக்கும் அதுதான், மக்லாரனுக்கும் அதுதான். ஐ8காரர் வீட்டு மின்சாரத்தில் ஓடியிருக்கலாமே என்றால், அதே வருடம் மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு. பெற்றோல் வரிசையிலும் அவருக்குத் தனிச் சோதனை: தாங்கி அழுத்தத்தில் இருப்பதால், உள்ளே ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மூடி திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் நிற்கும் ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்க அது போதும்.

இனி வண்டியைப் பார்க்கும் விதம். கிராண்ட்பாஸ் பக்கம் கராஜ் நடத்தும் அண்ணை ஒருவரிடம் கேட்டபோது அவர் எஞ்சினைப் பற்றிப் பேசவேயில்லை. "தம்பி, உதை ஓடிப் பார்க்க முந்தி ஏறி இறங்கிப் பாரும். பிறகு கீழ படுத்துப் பாரும்" என்றார். இரண்டும் சரி. காபன் வாசற்படி அகலமானது, உயரமானது. சேலை கட்டிய அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்றால் வீட்டில் முதலில் பேசிக்கொள்ளுங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் பக்கத்துத் தூணும் மேற்கூரையும் அந்தக் கதவுக்கு இடம் விடுமா என்று அளந்துபார்ப்பதும் நல்லது. சார்ஜ் வயரைப் பொது மின்மானியில் செருகினால் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் உங்கள் பெயர் அடிபடும்.

கீழே படுத்துப் பார்க்கச் சொன்னது, தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி ஐந்து அங்குலம்கூட இல்லை என்பதால். ஒழுங்கைகளில் அவரவர் போட்ட வேகத்தடைகள் அடித்தட்டில் கையெழுத்துப் போட்டிருக்கும். வெளித்தகடுகள் பிளாஸ்டிக், உள்ளே காபன் கூடு, முன்னும் பின்னும் அலுமினியச் சட்டம். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்று பெருமை பேசுகிறோம். ஆனால் ஐ8இன் கதவு அங்கே தொங்காது, விரிசல் விட்ட காபன் கூட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்கிற பாஸும் அங்கே இல்லை. காபன் அடிபட்ட வண்டி என்று தெரிந்தால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் நான் தொடமாட்டேன்.

மரைன் டிரைவ் பக்கம் நின்ற வண்டியென்றால் பிரேக் தட்டைப் பாருங்கள். ஹைபிரிட் வேகத்தைக் குறைக்கும்போது பாதி வேலையை மோட்டரே செய்து பற்றரிக்கு மின்சாரம் அனுப்பிவிடுகிறது. தட்டும் பட்டையும் உரசுவது குறைவு. உப்புக் காற்றில் உரசாத இரும்பு என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். காபன் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பவர், போல்ட்டும் மின்இணைப்பும் காபன் இல்லை என்பதைச் சொல்லமாட்டார்.

"பத்து வருசத்துக்கு இருபதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பதை ஒரு பட்டம் போலச் சொல்வார்கள். ஓடாமல் நின்ற காருக்கு அதற்கே உரிய நோய்கள் உண்டு. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளத்தாலும் அந்த ரப்பர் கிழவனாகிவிட்டது. முன் டயரின் அளவு 195/50 ஆர்20. இவ்வளவு ஒல்லியான, இவ்வளவு உயர்ந்த டயரை வேறு கார்கள் அநேகமாகப் போடுவதில்லை. கடைக்குப் போய் உடனே வாங்கமுடியாது. சொல்லிவைத்து எடுப்பிக்க வேண்டும். நாலையும் மாற்ற ஆகும் செலவை விலை பேசும் முதல் நாளே கழித்துவிடுங்கள்.

பற்றரிதான் கடைசித் தீர்ப்பு. 2018க்கு முந்தைய வண்டியில் 7.1 கிலோவாட் மணி, அதற்குப் பிந்தியதில் 11.6. விலையில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் பிந்தியதை எடுங்கள். முந்தியதற்குக் கொம்பனி சொன்னது மின்சாரத்தில் மட்டும் 37 கிலோமீற்றர். எங்கள் வெயிலுக்கும் ஏசிக்கும் இருபது சொச்சம் ஓடினால் குறை சொல்லமாட்டேன். வண்டியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி நிறுத்திவைக்கச் சொல்லுங்கள், மத்தியானம் போங்கள், ஏசியைப் போட்டுக்கொண்டு மின்சாரத்தில் மட்டும் காலி வீதியில் ஊருங்கள். பதினைந்தைத் தாண்டாமல் எஞ்சின் எழும்பினால், முகவரின் பட்டறையிலோ உரிய கணினி வைத்திருக்கும் கராஜிலோ பற்றரியின் மிஞ்சிய கொள்ளளவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் செலவை நீங்களே கொடுப்பதாகச் சொல்லியும் விற்பவர் தயங்கினால், தேநீரைக் குடித்துவிட்டு எழும்புங்கள்.

பத்திரத்தில் ஒரே ஒரு விஷயம். பதிவுப் புத்தகத்தில் 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருந்தால், காசு அந்தக் கொம்பனிக்குப் போய் அவர்களின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் மிச்சத்தை விற்பவருக்குக் கொடுங்கள். மாற்றுப் பாரத்தில் வெறும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் கைக்குக் கை விற்கும் பழக்கம் சின்னக் கார்களோடு நிற்கவில்லை. புத்தகத்தில் இருக்கும் பெயர்க்காரர் நேரில் வந்து கையெழுத்திடாத ஐ8, எந்த விலைக்கும் வேண்டாம்.

அடுத்த வாரம்: ஜப்பானிய ஏலத்தாளில் ஆர் என்ற எழுத்து விழுந்த கார்கள்.

(தொடரும்)